வாசல் கள்ளியும் மெஸ்கலினும்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் கையில் கைப்பேசி இருப்பது ஆபத்து. அரைகுறையாகப் படித்ததையும் முழுசாக நம்பிவிடுவான். நான் நம்பினேன்.

சென்ற வருடம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் ஐஸ் போதைப்பொருள் தேடி பொலிஸ் வந்து போன வாரம் அது. தென் அமெரிக்க மலைகளில் வளரும் ஒரு போதைக் கக்டஸ் பற்றி ஏதோ இணையப் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். நிமிர்ந்து எங்கள் வாசலைப் பார்த்தேன். அதே பச்சைத் தூண், அதே விளிம்புகள், அதே முட்கள்.

வாசலில் இருந்தது என் மனைவியின் கள்ளி. அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வேறொரு தோட்டத்தில் இருந்த அவள் பிறந்த வீடு மண்சரிவில் போனது. ஆட்கள் தப்பினார்கள், வீடு மிஞ்சவில்லை. திருஷ்டிக்காக நிலைக்கு மேல் தலைகீழாகக் கட்டியிருந்த ஒரு முழக் கள்ளிக் கொம்பு மட்டும் சேற்றில் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து பெயிண்ட் வாளியில் நட்டாள். இப்போது கூரையைத் தொட்டுவிட்டது.

அன்று பின்னேரம் தேநீரோடு அவளுக்குப் பாடம் எடுத்தேன். அதில் இருப்பது மெஸ்கலின் என்கிற அல்கலொயிட். பருப்பிலும் தயிரிலும் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டே செடி அதைத் தயாரிக்கிறது. தோலுக்கு அடியில் பச்சைச் சதையில்தான் அதிகம். பயங்கரக் கசப்பு, மிருகங்கள் வாய் வைக்காமலிருக்க அந்தக் கசப்பு என்கிறார்கள். மூளையிலுள்ள நம் சொந்த இரசாயனங்களின் சாயலில் இருப்பதால் உள்ளே புகுந்து குழப்பிவிடும்.

"பொலிஸ் மஹத்தயாமாருக்கு இவ்வளவும் தெரியுமாங்க?" என்றாள்.

"தெரிஞ்சா என் வேல போயிரும்."

"நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போவுது? அது பாட்டுக்கு நிக்கட்டும், கைய வைக்காதீங்க."

அந்தக் கக்டஸுக்கு ஆறேழு விளிம்புகள் இருக்கும், நான்கு இருப்பது அபூர்வம் என்று போட்டிருந்தது. எங்களுடையதில் நான்கு. அபூர்வமானது நம் வீட்டில் இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. முள்ளின் அடியில் பஞ்சு மெத்தை போல ஒன்று இருக்க வேண்டுமாம். கண்ணாடி போடாமல் பார்த்தேன், இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் பால் வெட்ட மலைக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். சாறு மேலே படக்கூடாது என்று, விஞ்ஞானி அல்லவா, செடியின் மேல் உரச் சாக்கைக் கவிழ்த்து, சாக்கோடு சேர்த்து அரிவாளால் வெட்டினேன். திரும்பியும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய், மழையில் பெருகியிருந்த ஓயா ஆற்றில் எறிந்தேன். பெரிய குற்றத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு வந்து குளித்தேன்.

மதியம் அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். வாளியில் ஒரு சாண் கட்டை. வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை வெளேரென்று வடிந்திருந்தது. விரலால் தொட்டு, ரப்பர் பாலைப் பார்ப்பதுபோல உருட்டிப் பார்த்தாள்.

"உங்க கக்டஸுக்குப் பால் வருமாங்க?"

வராது. அந்த வகைக் கக்டஸை எங்கே வெட்டினாலும் தண்ணீர்ச் சாறுதான். பால் வருவது நம் சதுரக்கள்ளியில். அதுவும் ரப்பரும் ஒரே தாவரக் குடும்பம். பத்தாம் வகுப்பில் வருடா வருடம் நான்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

"வராது" என்றேன்.

"விடிஞ்சா பொழுதுபோனா நான் பாலத்தானே பாக்குறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவள் பால்வெட்டுக் கத்தியை எடுத்து, நான் பிய்த்துவைத்திருந்த வெட்டை மழைத் தண்ணீர் தேங்காதபடி சரிவாகச் சீவினாள். அடுப்புச் சாம்பலை அப்பினாள். "இனித் துளிர்க்குதோ என்னமோ" என்றாள். பிறகு வாளியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மண் சரிந்த அன்றுகூட அவள் அழவில்லை.