பதினைந்தாம் நம்பர் பக்கி ஏன் நின்றது

மேட்டில் நின்ற வண்டி

வாக்கி டாக்கியில் ஹமீது அண்ணன் குரல் வந்தபோது நான் அப்போதுதான் தேத்தண்ணி போத்தலைத் திறந்திருந்தேன்.

"பத்மா, பதினஞ்சு மறுபடியும் படுத்துடுச்சு. மேட்டு மேல நிக்கிறேன். மேடம் உள்ள உக்காந்திருக்காங்க. இடி சைரன் வேற அடிச்சிட்டான் லா."

கோல்ஃப் மைதானத்தில் இடி சைரன் அடித்தால் எல்லோரும் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். வெட்டவெளியில், அதுவும் ஒரு மேட்டின் உச்சியில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு மெம்பரை வைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது. போத்தலை அப்படியே வைத்துவிட்டு, இழுவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு இன்னொரு வண்டியில் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹமீது அண்ணன் முழுக்க நனைந்திருந்தார். சாரல் படாமல் அந்த அம்மாளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டக் குனிந்தேன். எதற்கும் ஒருமுறை பார்ப்போமே என்று அவர் பெடலை மிதித்தார். வண்டி எதுவுமே நடக்காதது போல நகர்ந்தது!

"இப்ப ஓடுதேண்ணே!"

"அதான் எனக்கும் புரியல."

எனக்கும் புரியவில்லை. அடுத்து வந்த பல வாரங்களுக்குப் புரியவே இல்லை. வேலையில் இருந்த காலத்தில் நான் இவ்வளவு குழம்பியது கிடையாது.

முனகாத பேட்டரி

சிங்கப்பூரின் கிழக்கே, பாசிர் ரிஸ்ஸில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் பிடித்தால் வரும் ஒரு கிளப் அது. என் வீடு கிளமெண்டி. பச்சை ரயில் பாதையில் மேற்கிலிருந்து கிழக்குக் கோடி வரை தினமும் தூங்கி வழிந்துகொண்டே போவேன். அங்கே வண்டிக் கொட்டகையும் ஒர்க்‌ஷாப்பும் என் பொறுப்பு. கேட்லாக்கில் கோல்ஃப் கார்ட் என்று போட்டிருக்கும். எங்களுக்கு அது பக்கி.

முன்பெல்லாம் லெட் ஆசிட் பேட்டரிதான். தண்ணீர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பூக்கும் வெள்ளையைத் தேய்க்க வேண்டும். தொல்லை பிடித்த சாமான். ஆனால் ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு. தீர்ந்துபோவதற்கு முன் முனகும். வண்டி மெதுவாகும், மேடு ஏற அடம்பிடிக்கும். நாமே புரிந்துகொண்டு திருப்பிவிடலாம்.

லித்தியம் முனகாது. உள்ளே பிஎம்எஸ் என்று ஒரு சர்க்யூட் பலகை இருக்கிறது. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் சூட்டையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு செல் எல்லைக்குக் கீழே இறங்கினாலும் மொத்த மின்சாரத்தையும் வெட்டிவிடும். விளக்கை அணைத்தது போல வண்டி நிற்கும். கொஞ்சம் ஓய்ந்தால் அந்தச் செல் தேறிக்கொள்ளும், வண்டி திரும்ப ஓடும்.

முதல் வரிசை வண்டிகளுக்கு மட்டும் லித்தியம் போட்டோம். அந்த வரிசையில் மொத்தம் இருபத்துநான்கு வண்டிகள். சப்ளையர் கம்பெனியிலிருந்து முரளி என்ற எஞ்சினியர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். நல்ல பையன், கெட்டிக்காரன். வரிசையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை பேட்டரியை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் சாஃப்ட்வேரில் நம்பர் கொடுத்துக்கொண்டே போனார். பேட்டரி தன் நிலவரத்தைத் தானே அனுப்பும். ஆபீஸ் ஸ்க்ரீனிலும் என் ஃபோனிலும் அது தெரியும். கோளாறு இருந்தால் சிவப்பாக முதல் பக்கத்துக்கு வந்துவிடும். பச்சையாக இருப்பதெல்லாம் உள்ளே எங்கோ கிடக்கும். பச்சையாக இருப்பதைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம்?

"இனிமே நீங்க வண்டிக்கிட்டயே போக வேண்டாம் மேடம். எல்லாமே ஸ்க்ரீன்ல இருக்கு," என்றார் முரளி ஊருக்குக் கிளம்பும்போது.

எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளிக் சத்தம்

பதினைந்தாம் நம்பர், ஹமீது அண்ணன் ஓட்டும் வண்டி. வயதான மெம்பர்களைக் கார் பார்க்கிலிருந்து கிளப் ஹவுசுக்கும், மேட்டுப் பக்கம் இருக்கும் ஆட்டத் திடலுக்கும் கொண்டுபோய் விடுவார். சாயந்தரம் எல்லா வண்டிகளையும் கழுவி வரிசையில் நிறுத்தி, சார்ஜர் ப்ளக்கைச் சொருகுவதும் அவர் வேலைதான். ஓய்வு வயது தாண்டிவிட்டதால் அவரை வருடா வருடம் மறுவேலை ஒப்பந்தத்தில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒப்பந்தம் முடியப் போகிற நேரத்தில்தான் பதினைந்து படுக்கத் தொடங்கியது.

ஸ்க்ரீனைப் பார்த்தேன். பதினைந்து சிவப்பு. 'இரவு சார்ஜ் ஆகவில்லை' என்றது. மறுநாளும் அதையே சொன்னது.

எங்கள் மேனேஜர் கிரிதரனுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. அவருக்கு எல்லாமே உடனே விளங்கிவிடும். கொட்டகையில் எல்லோரையும் நிற்க வைத்து, ப்ளக்கைக் கையில் பிடித்து வகுப்பு எடுத்தார்.

"அண்ணே, சும்மா வெச்சா பத்தாது. புஷ் பண்ணணும். கிளிக்னு சத்தம் கேக்கணும். கேட்டுச்சா? கிளிக். கேக்கலன்னா சார்ஜ் ஏறாது. சிம்பிள் லா."

பேச்சு எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் பார்வை ஹமீது அண்ணன் மேல்தான் இருந்தது. அவர் அந்த ப்ளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் முகம் சுட்டது.

அன்று சாயந்தரம் நானே பதினைந்துக்கு ப்ளக் போட்டேன். கிளிக் கேட்டது. சார்ஜர் விளக்கு எரிந்தது. காலையில் வந்து பார்த்தால் வண்டியின் மீட்டர் முழுதாக நிரம்பியிருந்தது. ஸ்க்ரீனில் பதினைந்து சிவப்பு! சார்ஜரை மாற்றினேன். மறுபடியும் மீட்டர் ஃபுல், ஸ்க்ரீன் சிவப்பு. முரளிக்கு ஃபோன் போட்டேன்.

"வண்டி மீட்டரை நம்பாதீங்க மேடம், அது சும்மா பொம்மை. சாஃப்ட்வேர் கரெக்ட்டாத்தான் இருக்குது. உங்க சைடுல யாரோ ப்ளக்கை எடுக்கறாங்க."

கிரிதரனும் அதையேதான் சொன்னார். "நீங்க வீட்டுக்குப் போனப்புறம் கழுவுறதுக்காக அவரு புடுங்கியிருப்பாரு. ஸ்க்ரீன் ஏன் பொய் சொல்லப்போவுது?"

பதிமூன்று வேறு

இது போதாதென்று பதிமூன்று. ஸ்க்ரீனில் பதிமூன்றாம் நம்பருக்கு நேரே 'செல் சமநிலை இல்லை' என்று அடிக்கடி வந்தது. அதாவது உள்ளே ஒரு செல் மற்றவற்றோடு சேர்ந்து வரவில்லை. இது விளையாட்டில்லை. உடனே பதிமூன்றாம் நம்பர் பக்கியைக் கொட்டகைக்குள் இழுத்து, சீட்டைத் தூக்கி, பேட்டரியை முழுக்கச் சோதித்தேன். சூடு சரி. வோல்ட்டேஜ் சரி. அதை ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கினேன். சின்னப் பிள்ளை போலத் துள்ளிக்கொண்டு ஏறியது. திரும்பி வந்து பார்த்தால் ஸ்க்ரீனில் இன்னும் சிவப்பு.

ஆக, நோய் இருக்கிறது என்று ஸ்க்ரீன் சொல்லும் வண்டி நன்றாக ஓடுகிறது. நிற்கிற வண்டிக்கோ, ப்ளக் போடவில்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் ஸ்க்ரீனில் இல்லை. இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு மட்டும் ஒருநாளும் சிவப்பில் வந்ததில்லை. வரிசையின் கடைசியில் நிற்கும் அந்த மூன்றுக்கும் நல்ல பிள்ளைகள் என்று பெயர் வைத்திருந்தேன். இறங்க வேண்டிய கிளமெண்டியை மறந்து ரயிலில் தாண்டிப் போகிற அளவுக்கு இது என் மண்டையைக் குடைந்தது.

தேக்காவில் ஒரு டீ

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடைப் பக்கம் வந்தால், ஹமீது அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, ஆறிக் கிடந்தது. நானும் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் போனப்புறம் ப்ளக்கை எடுக்கிறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீயும் கேக்குறியா தங்கச்சி? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. வீட்டுக்குப் போற வழியில, ப்ளக் போட்டேனா இல்லையான்னு யோசிச்சு, பாதி வழியில இறங்கித் திரும்பி வந்து பாத்திருக்கேன். போட்டுத்தான் இருக்கு. ஆனா காலையில இல்லேங்கிறாங்க. வயசாயிடுச்சா, மூளை கலங்கிடுச்சான்னு தெரியல."

ஆறிய டீயை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வேலை போனா போவட்டும். ஒரு ப்ளக்கைக்கூட ஒழுங்கா சொருகத் தெரியாதவன்னு அனுப்புவாங்க பாரு, அதுதான் தாங்கல," என்றார்.

மனம் கனத்துப் போனது. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஸ்க்ரீன் பொய் சொல்கிறது என்று நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை. மீனைப் பெஞ்சிலேயே மறந்துவிட்டு எழுந்தேன். அவர்தான் பின்னால் ஓடிவந்து கொடுத்தார்.

இல்லாத வண்டி

ஒப்பந்தத்தைப் பற்றி முடிவெடுக்கக் கிரிதரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஹமீது அண்ணன் வெளியே நின்றிருந்தார்.

"பத்மா, எனக்கும் ஆசையில்லை. பட் மெம்பரை வெச்சுக்கிட்டு இடியில வண்டி நின்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? இந்த வருசத்தோட நிறுத்திக்குவோம்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமலேயே திறந்தேன். அந்த நேரத்தில் என் ஃபோன் அதிர்ந்தது. முதல் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்பு.

'பக்கி 4: இரவு சார்ஜ் ஆகவில்லை.'

"நாலா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். "நாலாம் நம்பர் பக்கியா?"

எங்கள் கிளப்பில் நாலாம் நம்பர் பக்கி கிடையாது. பதினாலு கிடையாது, இருபத்துநாலும் கிடையாது. சீன மெம்பர்களுக்கு நாலு ஆகாத நம்பர்; சீனத்தில் அது சாவு என்பது போல ஒலிக்கும். சாவு வண்டியில் ஏறுவது போல நினைப்பார்கள். அதனால் வண்டி வாங்கிய நாளிலிருந்தே மூன்றுக்குப் பிறகு ஐந்து, பதிமூன்றுக்குப் பிறகு பதினைந்து என்றுதான் தகடு அடித்திருக்கிறோம். இந்த ஊரில் எத்தனையோ கட்டடங்களில் லிஃப்ட் பொத்தானில் நாலு இருக்காது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால், அங்கே ஒன்று குறைகிறது என்றே எங்களுக்குத் தோன்றாது. முரளியிடம் யாரும் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்களில் ஒருவருக்கும் படவில்லை. அவர் தகட்டைப் பார்க்காமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். ஹமீது அண்ணன் என்னவோ ஏதோ என்று பின்னால் வந்தார். கிரிதரனும் வந்தார். வரிசையில் நான்காவதாக நிற்க வேண்டிய வண்டி, ஐந்தாம் தகடு, அங்கே இல்லை. முந்தின நாள் மழையில் அதை மைதானத்தின் பாதி வழியில் இருக்கும் ஓய்வுக் குடிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சார்ஜ் ஆகாதது அதுதான்.

பதினைந்தாம் தகட்டின் ப்ளக்கைப் பிடுங்கினேன். ஃபோனில் பதினைந்து அசையவில்லை. பதிமூன்று 'சார்ஜ் நின்றது' என்று மாறியது. திரும்பச் சொருகினேன். பதிமூன்று 'சார்ஜ் ஆகிறது' என்றது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை பிடுங்கிச் சொருகினேன்.

"அண்ணே, செல் கெட்டுப்போனது உங்க வண்டியில. மேடு ஏறும்போது அது தாங்காம பிஎம்எஸ் வெட்டிடுது. நாங்க பதிமூணாம் தகடைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். உங்க ப்ளக்குல ஒரு தப்பும் இல்ல!"

ஹமீது அண்ணன் அப்படியே வண்டிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எனக்கு மூளை கலங்கலையா?" என்றார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிரிதரன் மட்டும் இன்னும் குழம்பிக்கொண்டிருந்தார். "வெயிட், வெயிட். அப்ப ஸ்க்ரீன்ல தெனமும் ப்ளக் போடாம கெடக்குற பதினஞ்சு எந்த வண்டி?"

நியாயமான கேள்வி. நான் வரிசையின் முனைக்குப் போய், ஒவ்வொரு இடமாகக் கை வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். கழுவுகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதினைந்தாவது இடத்தில் என் கை காற்றில் நின்றது. அங்கே வண்டி இல்லை. சார்ஜர் ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அது பதினேழாம் தகட்டின் இடம்.

பதினேழு கிரிதரன் சாருடைய சொந்தச் சவாரி வண்டி. தினமும் தன் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சார்ஜ் ரொம்பக் குறைந்தால் எப்போதாவது ஒருநாள் கொட்டகைக்கு அனுப்புவார். எல்லோரும் கிரிதரனைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து ஒயரைச் சுருட்டினேன்.

பிறகு

பதினைந்தின் பேட்டரியை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். முரளி ஃபோனில், "மூணுக்கு அப்புறம் நாலு வராதுன்னு யாருமே சொல்லலீங்களே மேடம்," என்று புலம்பினார். பாவம், அவரைச் சொல்லி என்ன பயன்? எல்லா நம்பரையும் தகட்டின்படி மாற்றியதும்தான் இன்னொன்று தெரிந்தது. நான் மெச்சிக்கொண்ட அந்த மூன்று நல்ல பிள்ளைகளும் அதுவரை ஸ்க்ரீனிலேயே இல்லை. சாஃப்ட்வேர் இருபத்துநான்கோடு முடிந்திருந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஸ்க்ரீன் பொய் சொல்லாது, உண்மைதான். ஆனால் அது எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? முதல் நாளே கொட்டகைக்குப் போங்கள். ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்கி, ஸ்க்ரீனில் எது மாறுகிறது என்று பாருங்கள். அதற்கப்புறம் யார் மேல் வேண்டுமானாலும் குற்றம் சொல்லலாம்.

ஹமீது அண்ணனின் ஒப்பந்தக் காகிதம் மறுநாளே கையெழுத்தாகி வந்தது. அன்று சாயந்தரம் கிரிதரன் பதினேழைத் தானே ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் வண்டியை அதன் இடத்தில் நிறுத்தி, ப்ளக்கை எடுத்துச் சொருகிவிட்டுத் திரும்பினார்.

பக்கத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஹமீது அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"சார், கிளிக்னு கேக்கலையே."

கிரிதரன் ஒரு நிமிடம் நின்றார். திரும்பிப் போய் நன்றாக அழுத்தினார். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"இப்ப ஏறும் சார்," என்றார் ஹமீது அண்ணன்.