என் பேர் வெட்டிய தட்டு

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நான், டிஸ்சார்ஜ் அன்று அம்பகரத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் காரில் ஏறினேன். கார் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் போய் நின்றது.

"நீ நடக்குற வரைக்கும்தாம்மா" என்றான் மகன். நம்பினேன். அவனுக்கு லீவு கிடைக்காதே, பாவம் என்றுகூட நினைத்தேன்.

அவன் போனதும் இல்லத்து ஆயா, அவன் எனக்காக வைத்துவிட்டுப் போன பையைப் பிரித்தாள். உள்ளே புது எவர்சில்வர் தட்டு. விளிம்பில் பளிச்சென்று என் பேர்.

"இங்கயே தங்கிடுறவங்கதாம்மா பேர் வெட்டிக் கொண்டாருவாங்க" என்றாள்.

வீட்டில் நான் வாங்கிய பாத்திரம் அத்தனையிலும் வெட்டச் சொன்னது அவன் பேரைத்தான். என் பேர் ஏறிய முதல் தட்டில் அன்று ரசஞ்சோறு போட்டார்கள். மிச்சம் வைக்காமல் தின்றேன்.

பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே, பாத்திரக் கடையில் நின்று, பொறுமையாக என் பேரைச் சொல்லி வெட்டி வாங்கியிருக்கிறானே!