பீச்சாங்கை வண்டி

அந்த வண்டியை யாரும் எனக்கென்று கொண்டுவரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வந்த தகராறெல்லாம் இதில் தொடங்கியதுதான்.

அப்பா அட்டுவம்பட்டியில் ஒரு பங்களாவுக்குத் தோட்ட வேலைக்குப் போவார். அந்த வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போகும்போது, கார் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு குட்டி மோட்டார் பைக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டி. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். அப்பா அதைக் காய்கறி ஜீப்பின் தலையில் கட்டி, கிளாவரைப் பாதையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய கையோடு பக்கத்து வீட்டிலிருந்த பெரியப்பா மகனைக் கூப்பிட்டு, "ஏலே, இந்தா, ஒனக்குத்தான்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பதினொரு வயது, அந்தப் பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பதின்மூன்று. எனக்கு வேண்டுமா என்று அப்பா கேட்டு, பிறகு இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கேட்கவே தோன்றவில்லை அவருக்கு. அதில்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணன் ஸ்டார்ட்டர் கயிற்றைத் தோள்பட்டை வலிக்கிற வரைக்கும் இழுத்தான். இன்ஜின் இருமக்கூட இல்லை. சரிவில் இரண்டு தடவை உருட்டிக்கொண்டு போனான். அப்புறம் எருக்குழிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மழையில் ஒரு வாரம் நனைந்தது. நான் போய் எடுத்து வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஓடாத வண்டி யார் கையில் இருந்தால் என்ன.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பீச்சாங்கைக்காரி. எழுதுவது, கல் எறிவது, சண்டை போடுவது எல்லாம் இடது கைதான். பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி விழும். வீட்டில் பெரியப்பா கண்ணில் பட்டால், விளங்காத கை என்பார். ஆனால் இந்த விஷயத்தில் எல்லோரையும் விடக் கறாரான ஆள் அம்மாதான். இடக்கை தட்டுப் பக்கம் போனால் கரண்டிக் காம்பு வந்து விழும். ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பில் சைக்கிள் ஓட்டித் திரிந்து வளர்ந்தவள், மலைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு அதிர்ந்து பேசமாட்டாள். என் கையை அடிக்கும்போது மட்டும் அப்படி ஒரு வேகம் எங்கிருந்து வரும் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வண்டிக்கு வருகிறேன். பூண்டுக்கு மருந்தடிக்கிற மெஷினை அப்பா சீசனுக்குச் சீசன் பிரித்துக் கழுவுவார். இதுவும் அதே மாதிரி கயிறு இழுக்கிற இன்ஜின்தானே என்று கார்பரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பழைய பெட்ரோல் பாகு மாதிரி உறைந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால் மட்டும்தான் எங்கள் ஊரில் டவர் கிடைக்கும். அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு அங்கே போய், எவனோ ஒருவன் இதே மாதிரி வண்டியைப் பிரிக்கிற வீடியோவைப் பார்த்தேன். அவன் பேசியது எந்தப் பாஷையோ, கை நன்றாகத் தெரிந்தது. அது போதும். மருந்து மெஷினின் பிளக்கை மாட்டிப் பார்த்தேன், பொருந்தியது. ஓட்டை விழுந்த டேங்குக்குப் பதில் உடைந்த பழைய மருந்து மெஷினின் டேங்கை வைத்துக் கட்டினேன். அப்பாவின் கிழிந்த ஜெர்கினை வெட்டி சீட் தைத்தேன். உப்புத்தாளால் துருவைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் எரிந்தது. கோயில் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை வாங்கிவந்து அடித்தேன். அதற்குப் பிறகு அது பங்களா வண்டி மாதிரியே இல்லை.

கடைசியில் ஆக்சிலேட்டர். அது எல்லா வண்டியிலும் இருக்கிற மாதிரி வலப்பக்கம் இருந்தது. கையை வைத்துத் திருகிப் பார்த்தேன். யாரோ சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. சோற்றைத்தான் சோத்தாங்கையில் தின்கிறேன், அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் எழுத்தையும் அதிலேயே எழுதித் தொலைக்கிறேன், நானே ரத்தம் வரத் தேய்த்த வண்டியையுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினேன். முதலில் திருகல் தலைகீழாக வந்தது. கேபிளை அடிவழியாகக் கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. வேலை செய்கிற ஒரே பிரேக்கை வலப்பக்கம் வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தப் படபட சத்தம் பள்ளத்தில் முட்டித் திரும்பி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏலே, ஒன் வண்டி ஓடுதுடா" என்று குரல் கொடுத்தார்.

ஒன் வண்டி.

நான் அப்பாவிடம் ஓடினேன். அவர் பெரியப்பா பேச்சைத் தட்டாத தம்பி. "விட்டுக் குடு தாயி. ரெண்டு நாள் ஓட்டிட்டுப் போட்டுருவான்" என்றார். பூஜையன்று முதல் ஓட்டம் ஆம்பளைப் பிள்ளைதான் ஓட்ட வேண்டுமாம், அதற்கு முன்னால் வண்டியை யாரும் தொடக்கூடாதாம். பெரியப்பா அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தி சாக்கைப் போட்டு மூடிவிட்டார். ஒரு முழம் தூரம்கூட நான் ஓட்டிப் பார்க்காத வண்டி.

பூஜையன்று வீட்டு முன்னால் பாதையோரமாக எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். மருந்து மெஷின், மண்வெட்டிகள், கொத்துகள், அரிவாள்கள், கடைசியில் என் பச்சை வண்டி. பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். அம்மாவின் அரிவாளிடம் வந்தபோது, "வெட்டாத அருவாளுக்கு எதுக்குப் பொட்டு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அந்த அரிவாள் எங்கள் வீட்டில் ஒரு பழைய வேடிக்கை. அம்மாவைத் தவிர யார் கையிலும் அது ஒரு புல்லைக்கூட அறுக்காது.

வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அண்ணன் புதுச்சட்டையில் வந்து உட்கார்ந்தான். அந்த வண்டியில் எந்தக் கை எதற்கு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. இன்றைக்கு வரைக்கும் அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

கயிற்றை இழுத்ததும் இன்ஜின் பிடித்தது. அண்ணன் வலக்கையைத் திருகினான். அசையவில்லை.

"இறுகிக் கெடக்குப்பா" என்றான்.

"நல்லா அழுத்தித் திருகு" என்றார் பெரியப்பா.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பிடியையும் இறுக்கிப் பிடித்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து முறுக்கினான். வண்டி எகிறியது. பயத்தில் இன்னும் இறுக்கினான். எலுமிச்சம்பழத்தைத் தொடாமல் ஒதுங்கி, பாதையை விட்டு இறங்கி, சரிவில் ஓடி, நேராக எருக்குழிக்குள் போய் விழுந்தது. மழை பெய்து ஊறியிருந்த எரு. அடியொன்றும் படவில்லை, புதுச்சட்டைதான் போயிற்று. நான் சிரிப்பை அடக்கவில்லை.

அப்பா வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்தார். புரிந்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"பீச்சாங்கையிலயா வச்சிருக்கா? நல்ல நாளும் அதுவுமா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்போதும் என்னிடம் இல்லை. "நாளைக்கு வெள்ளனே இதை மாத்தச் சொல்லு. இல்லைன்னா காயலான் கடைக்குத்தான் போகும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம், இடது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"மாத்த மாட்டேன். இந்தக் கைதான் வண்டியை ஓட வச்சிச்சு. ஒங்களுக்கு ஆகலைன்னா ஒங்க மகன் ஓட்ட வேணாம்."

எங்கள் வீட்டில் பெரியப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "கேட்டியாம்மா ஒன் மக பேசுறத? நீயே சொல்லு அவகிட்ட."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை போட்டிருந்தாள். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது முந்தானையால் ஹேண்டில்பாரில் இருந்த எருவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கயித்தை இழு" என்றாள் என்னிடம்.

இழுத்தேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் குட்டி வண்டியில் உட்கார்ந்தாள். எது ஆக்சிலேட்டர், எது பிரேக் என்று கேட்கவில்லை. இடது கை மெதுவாகத் திருகியது. சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டி மேடு வரைக்கும் போய், வளைத்துத் திருப்பி, இறக்கத்தில் அலுங்காமல் வந்து, அரிவாள் வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். முழங்கால் இரண்டும் முகவாய்க்குக் கீழே இருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"வண்டியில ஒரு கொறையும் இல்லைங்க" என்றாள், பெரியப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டு. "இப்படியே இருக்கட்டும். அவதானே செஞ்சா, அவளே ஓட்டட்டும்." அப்புறம், அடுப்பில் சுண்டல் கெடக்கு, சோலி இருக்கு என்று உள்ளே போய்விட்டாள்.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு நின்றார். வண்டியை மாற்றச் சொல்லி அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் அதில் ஏறி ஊரையே மூன்று சுற்றுச் சுற்றினேன். திரும்பி வந்து பெருமிதத்தில் இடது கையால் சுண்டலை அள்ளினேன். கரண்டிக் காம்பு வந்து விழுந்தது.

"சோத்தாங்கையில தின்னு" என்றாள் அம்மா.

இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டி கிடைத்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் அம்மாகூட ஓட்டுகிற மாதிரி வண்டியைச் செய்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டேன். பிறகு அப்பா ஆசைப்பட்டு ஏறி முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தார். ஜீப் டிரைவர் ஏறி வேலியில் போய் மோதினார். அம்மா மட்டும் எப்படி விழாமல் ஓட்டினாள் என்று யோசித்து, ஆயக்குடியில் சைக்கிள் ஓட்டிய பழக்கம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே மாட்டுக்குப் புல்லறுக்கப் போனபோது, அவசரத்தில் அம்மாவின் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். எப்போதும் போல அது வழுக்கியது. இந்த மொட்டை அரிவாளைத் தூக்கிப் போடேன் என்று கத்தினேன். அம்மா அதை வாங்கி அரத்தால் நாலு இழுப்பு இழுத்தாள், மற்ற அரிவாள்களுக்கு இழுக்காத பக்கமாக. தன்னிடம் இருந்த வேறு அரிவாளை என்னிடம் கொடுத்துவிட்டு, பாறைக்கு அந்தப் பக்கம் ஆள் பார்வை படாத இடத்துக்குப் போனாள். வெரசா இரண்டு கட்டு அறுத்துக்கொண்டு வந்து போட்டாள்.

ஒரு வண்டியின் ஆக்சிலேட்டரையே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றத் தெரிந்தவள் நான். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது அரிவாளைச் சோத்தாங்கையில்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அந்த அரிவாளை ஒரு தடவைகூட மற்றக் கைக்கு மாற்றி அறுத்துப் பார்க்கவில்லை.