அம்மா அமுக்கிய பொத்தான்

அம்மாவும் நானும்தான் இருந்தோம். அப்பா கடலில், அண்ணன் வளைகுடாவில். போன ஐப்பசியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை. வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில் சாலையைக் கடக்க நின்றோம்.

மீன் விற்கும் அம்மாவை முந்தைய வருடம் ஒரு பைக் இடித்துவிட்டது. கால் சரியாகிவிட்டது, பயம் போகவில்லை. அதன்பிறகு சந்தைக்கே வரவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். மறுவாரம் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் அம்மா தனியாகச் சாலையைக் கடந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

சிக்னல் கம்பத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் வண்டிகள் நிற்கும் என்றேன். அம்மா ஒரு விரலால் மெல்ல அமுக்கி, விரலை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். மீன் புதுசா என்று அப்படித்தான் பார்ப்பாள். அமுங்கிய சதை மேலே எழும்பினால் நல்ல மீன்.

நடப்பவர்களுக்கான சிவப்பு மாறவே இல்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சிரித்தார். "எக்கா, அது அழகுக்கு வச்சதாக்கும். கையக் காட்டிட்டுப் போங்க."

"மீன அமுக்குத மாதிரி அமுக்காதம்மா. நல்லா அமுக்கு" என்றேன்.

பெருவிரலால் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. நனைந்த சாலையில் பச்சை வெளிச்சம் நீளமாகக் கிடந்தது. இரைச்சலெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அலை உள்வாங்கிய ஈரமணலில் நடப்பதுபோல நடந்தாள்.

அந்தப் பக்கம் எங்கள் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அம்மா ஏறவில்லை.

"நாம அமுக்குனதுனால நின்னுதா மக்கா, இல்ல அதுவா நின்னுதா?"

"தெரியலம்மா."

"நீ இங்கன நில்லு. நான் பாத்துட்டு வாறேன்."

என் கையை விட்டுவிட்டு, தானே போய் அமுக்கினாள். இந்த முறை வெகுநேரம் ஆயிற்று. பஸ் போய்விட்டது. பிறகுதான் பச்சை வந்தது. தனியாகப் போனாள். அங்கே ஆட்டோக்காரரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள். மறுபடியும் அமுக்கிவிட்டு, தூறலில் முந்தானை நனைய, அவசரமே இல்லாமல் என்னிடம் வந்தாள்.

"ஒரு நேரம் கேக்குது, ஒரு நேரம் கேக்கல. உங்கப்பன மாதிரியாக்கும்" என்றாள்.

அந்தப் பொத்தான் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது. சென்னையில் சாலையோரம் நிற்கும்போதெல்லாம், பச்சை வெளிச்சத்துக்குள் தனியாக நடந்துபோன அம்மாவின் முதுகு கண்ணில் தெரிகிறது. இப்போது அவள் ஒருத்தியாகவே சந்தைக்குப் போய் வருகிறாள். அதற்கு எங்களுக்கு ஆன செலவு, அன்று விட்ட அந்த ஒரு பஸ் மட்டும்தான்.