அது வேற கேஸ்

எங்க ஆளைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்டாச்சு, இனிமேல் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்றுதான் இருந்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் செக்ஷனில் எனக்கு வேலை. வாரம் முழுக்க மெஷின், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறது. இதற்கு நடுவில் வருஷக்கணக்காகக் கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம். எங்கள் இயக்கத்துக்காரர் ஒருத்தருக்கு அரசியல் கொலை வழக்கில் தூக்கு போட்டிருந்தார்கள். கருணை மனு தள்ளுபடி ஆகி, தேதியும் குறித்து, கடைசி நேரத்தில் கோர்ட் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அன்றைக்குக் கம்பெனி கேட்டில் நின்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். சில வருஷம் கழித்து அவர் விடுதலையும் ஆனார். எனக்கு மிஞ்சியது முட்டி வலி.

செக்கிங் டேபிளுக்குப் புதிதாக ஒரு பொண்ணு வந்தாள். வேலூர்ப் பக்கத்துக்காரி. தலையைக் குனிந்தால் வேலை முடிகிற வரைக்கும் நிமிர மாட்டாள். ஒருநாள் டீ நேரத்தில் டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, தூக்கு வேணாம்னு நீங்க கேட்ல பேசுவீங்களாமே."

"பேசினேன். இப்ப தொண்டையும் போச்சு, தெம்பும் போச்சு. இன்னா விஷயம்?"

"எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. கருணை மனு திரும்பி வந்துடுச்சு."

எந்த வழக்கு என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு டீ கசந்துபோனது. அது எங்களுக்கு ஆகவே ஆகாத இயக்கம். எங்கள் போஸ்டரைக் கிழித்தவர்கள். சுவர் எழுதப் போன எங்கள் ஆளை ஒருமுறை அடித்து மண்டையை உடைத்தவர்கள். அந்த வழக்கில் குண்டு வெடித்துச் செத்தது ஒரு தலைவர் மட்டுமில்லை, அவர் பேச்சைக் கேட்க வந்த ஜனங்களும்தான்.

அவளுக்கே அது தெரிந்திருந்தது. "நீங்க எங்க ஆளுங்க இல்லன்னு தெரியும்க்கா. எங்க ஆளுங்களும் இப்ப எங்க ஆளுங்க இல்ல. பாதிப் பேரு உள்ள இருக்காங்க. மீதிப் பேரு போனை எடுக்கறதில்ல. சுப்ரீம் கோர்ட்ல தடை கேட்டிருக்கு. அதுக்குள்ள வெளிய யாராச்சும் நாலு பேரு பேசினா நல்லாருக்கும்னு வக்கீல் சொல்றாரு."

பார்க்கலாம் என்றேன். என் வாயில் பார்க்கலாம் என்று வந்துவிட்டால் நான் மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். சாயங்காலம் சொன்னதும் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

எங்கள் தூக்கு எதிர்ப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் விஷயத்தைப் போட்டேன். எதற்கெடுத்தாலும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற கும்பல் அது. அன்றைக்கு ஒரு விரலும் எழவில்லை. மறுநாள் காலையில் ரோஜாப்பூவோடு ஒரு குட் மார்னிங் மட்டும் வந்தது. சரி, நேரில் கேட்போம் என்று வேலூருக்கே போய்க் குழுத் தலைவரைப் பார்த்தேன். வக்கீல், நல்ல மனுஷன்தான்.

"அது வேற கேஸ்மா," என்றார். "நம்மாளு கொள்கைக்காகப் போனவரு. இவங்க அப்படியா?"

"அவங்களும் கொள்கைன்னுதான் சொல்றாங்கண்ணா. கழுத்து ஒண்ணுதானே?"

"உணர்ச்சிவசப்படாதம்மா."

"உங்க மேடைல நான் உணர்ச்சிவசப்பட்டுத்தானே பேசினேன்? அப்ப கை தட்டினீங்களே."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து வந்துவிட்டேன்.

குண்டு வைத்தது சரி என்று சொல்ல நான் வரவில்லை. செத்தவர் வீட்டுப் பெண் ஒருத்தி என் எதிரில் வந்து நின்றால், அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பேன். ஆனால் ஒரு ஆட்சியில் தேசத்துரோகி என்று சொன்னவனை அடுத்த ஆட்சியில் தியாகி என்கிறார்கள். சிலை வைக்கிறார்கள், தெருவுக்குப் பெயர் வைக்கிறார்கள். தொங்கவிட்ட பிறகு ஆட்சி மாறி என்ன பிரயோஜனம்? ஜெயிலில் இருக்கட்டும், கிழவனாகட்டும், செய்ததை நினைத்து நினைத்துச் சாகட்டும். இதைத்தானே எங்க ஆளுக்கும் கேட்டோம். இப்போது ஆள் மாறியதும் நியாயமும் மாறிவிடுமா? பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையெல்லாம் ஜன்னலைப் பார்த்து எனக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் மீண்டு வந்த எங்க ஆளின் ஞாபகம் வந்தது. தூக்கு மேடை வரைக்கும் போய்த் திரும்பினவர் அந்தப் பொண்ணு பக்கத்தில் நின்றால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், எங்கள் குழுவும் வெட்கப்பட்டுக்கொண்டாவது வரும். அவர் வருவார், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினேன்.

வாசலோரம் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிகள் வீட்டுக்குக் கொடுக்கிற ஜாப் ஒர்க். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காருங்கண்ணா என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஊசி பாதித் தையலில் நின்றது.

"நான் வர்லம்மா."

"ஒண்ணும் பேச வேணாம்ணா. சும்மா வந்து அவ பக்கத்துல நின்னா போதும்."

"அவங்க வேற இயக்கம்னு சொல்றேன்னு நெனைக்காதீங்க. அதெல்லாம் இல்ல." தோலை மடியில் வைத்துக்கொண்டார். "தேதி குறிச்சதும் என்னை எடை போட்டாங்கம்மா. அப்புறம் என் எடைக்கு மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, பலகையைத் தட்டிப் பாத்தாங்க. செல்லுல உக்காந்துக்கினு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். திரும்பத் திரும்பப் பாத்தாங்க. இப்ப உள்ள இருக்கறவருக்கும் அதெல்லாம் நடக்கும். அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா நான் இதையெல்லாம் சொல்லிடுவேன். என்னை விட்ருங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்காக நான் வெயிலில் காய்ந்தேனே, சம்பளத்தை இழந்தேனே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் உள்ளே போய் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அவர் மனைவி தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. வந்ததுலேர்ந்து அவரு பாயில படுத்ததே கிடையாது. கதவைச் சாத்த விடமாட்டாரு. சுவத்துல சாஞ்சு உக்காந்தபடியே கண்ணை மூடுவாரு. பக்கத்து வீட்ல யாராச்சும் கதவைத் தட்டினாங்கன்னா எழுந்து நின்னுக்குவாரு. அதுக்கப்புறம் விடியற வரைக்கும் அப்படியேதான்."

ரயிலில் திரும்பும்போது யார் மேலும் கோபப்பட முடியவில்லை. அதுதான் ரொம்ப அலுப்பாக இருந்தது.

வேலூரில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றுகொள்ள போலீஸ் ஒரு மணி நேரம் கொடுத்தது. நான், அந்தப் பொண்ணு, எங்கள் தையல் செக்ஷனிலிருந்து இரண்டு பெண்கள். அவ்வளவுதான். 'தூக்குத் தண்டனை வேண்டாம்' என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தோம். பைக்கில் போன ஒருவன் நிறுத்தி, "இவனுங்களுக்கெல்லாம் இன்னாத்துக்கு சோறு போட்டு வெச்சிக்கினு இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். முன்பெல்லாம் துரத்திக்கொண்டு போய்ப் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அட்டையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷேர் ஆட்டோவிலிருந்து யார் இறங்கினாலும் பார்த்தாள்.

"அவரு வர்லியாக்கா?"

"உடம்பு சரியில்லம்மா."

"பரவால்ல." பிறகு அட்டையை இறக்கிவிட்டு என் பக்கமாக நகர்ந்து வந்தாள். "போன வாரம் ஜெயில்ல மனு போட்டு எங்க வீட்டுக்காரரைப் பாத்துட்டு வந்தேன். தூக்கமே வர்லன்றாரு. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. நீங்க அவரைப் போய்ப் பாத்தீங்களே, சொல்லுங்கக்கா. அவரு இப்ப நல்லா தூங்கறாரா?"

"தூங்கறாரு," என்றேன். "குறட்டை விட்டுத் தூங்கறாரு. அவங்க வீட்டம்மாவே சொன்னாங்க."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தாள்.

"அப்போ இவரும் வீட்டுக்கு வந்துட்டா தூங்கிடுவாரு," என்று சொல்லிவிட்டு அட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.