இடம் சுற்றிய பயற்றங்கொடி

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் சோர்ந்துபோயின. எழும்பி நடந்தால்தான் கால் திரும்பும், இருந்த இடத்திலேயே இருந்தால் இருந்ததுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவர் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம் கதிரைக்கே போயின. நான் கெஞ்சினேன், ஏசினேன், ஒருநாள் சமைக்காமலும் இருந்து பார்த்தேன். அவர் பிஸ்கட் சாப்பிட்டார்.

கதிரைக்கு முன்னால், உடுப்புக் காயப்போடும் கம்பி கட்டிய இரும்புக் குழாய் நின்றது. சாவகச்சேரிச் சந்தையில் வாங்கிய பயற்றம் விதையை அதனடியில் ஊன்றியிருந்தேன். கொடி ஏறத் தொடங்கியது. வேறு வேலை இல்லாததால் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அதன் நுனி நான் சமைக்கிற குசினியைப் பார்த்து நிற்கும். நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போது வேலிப்பக்கம் திரும்பியிருக்கும். சோறு கொண்டுபோனால் மறுபடி குசினிக்கு வந்திருக்கும். "இந்த வீட்டிலை நடமாடுற ரெண்டாவது ஆள் அதுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும், உது இடமாச் சுத்துது."

உண்மைதான். சாமியை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நாங்கள் கோயிலைச் சுற்றுவோம். இவர் அதற்கும் ஒரு படி மேல். மோட்டார் சைக்கிள் வாங்கி வந்த அன்று கிணற்றை வலமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் நிறுத்தினார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே கொடி குழாயை இடக்கைப் பக்கம் வைத்து ஏறிக்கொண்டிருந்தது.

"வலமாத் திருப்பிச் சுத்திவிடும்" என்றார். சுற்றி, வாழைநாரால் கட்டியும் விட்டேன். விடிய நுனி நாருக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்து பழைய பக்கமே போயிருந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி அதே கதை.

"உமக்குக் கட்டத் தெரியேல்லை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நீங்களே வந்து கட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன்.

தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால் கதிரையில் ஆள் இல்லை. விழுந்துவிட்டார் என்றுதான் ஓடினேன். அவர் குழாயடியில் நின்றார். வலக்கை உதவாததால் இடக்கையால் குழாயைப் பிடித்திருந்தார். நான் போட்ட முடிச்சு மறுபக்கம் இருந்தது. அதைத் தேடி, வலக்காலை இழுத்து இழுத்துக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தார். இடக்கையால் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆளுக்கு ஒரு பக்கம்தான் போக முடியும்.

"நீங்கள் இடமாச் சுத்திறியள்" என்றேன்.

"நான் என்ன சாமியையே சுத்திறன்? பைப்பைத்தானே."

முடிச்சை எட்டிவிட்டார். ஆனால் குழாயை விட்டால் விழுவார், விடாவிட்டால் கட்டக் கை இல்லை. கொஞ்சநேரம் கொடியைப் பார்த்தார்.

"நாரை அவிட்டுவிடும். உது தன்ரை பாட்டிலை போகட்டும்" என்றவர் அடுத்த சுற்றுக்குக் காலை இழுத்தார்.

நான் குனிந்தேன். அத்தனை நாள் பயமும் அப்போதுதான் வெளியே வந்தது. கண் கலங்கி, முடிச்சு எது நார் எது என்று தெரியவில்லை.

"உமக்கு அவிழ்க்கவும் தெரியேல்லை" என்றார்.