சாச்சியின் நேர்ச்சை மாடு

எங்கள் சாச்சிக்கு மாடு வளர்க்கத் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். உம்மாவின் தங்கையான அவர் தையல்காரி. அவர் தைத்த சட்டைக்குக் கல்முனையில் தனி மதிப்பு. ஆனால் தெருவில் மாட்டைக் கண்டால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மதிலோரம் ஒதுங்கிவிடுவார்.

அப்படிப்பட்டவரிடம் அவர் புருஷனான சாச்சா ஒரு நாம்பன் மாட்டை விட்டுப் போயிருந்தார். அது கன்றாக இருக்கும்போதே, ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் குர்பான் கொடுப்பதாக அல்லாஹ்வுக்கு நேர்ந்திருந்தார். கலவரம் தொடங்கிய மாதத்தில் வயலுக்குப் போனவர் திரும்பவில்லை. தேடாத இடமில்லை. "வருவாரு" என்ற ஒரு சொல்லைத் தவிர சாச்சி அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

மேய்ச்சல் தரைப் பக்கம் போகவே பயந்த காலம். முற்றத்தில் கட்டி வெறும் வைக்கோலைப் போட்டால் மாடு என்னத்துக்கு ஆகும்? பெருநாளுக்கு முன்னர் பார்க்க வந்த பள்ளிவாசல் லெப்பை, விலாவைத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு மெலிஞ்ச மாடு குர்பானுக்குக் கூடாது புள்ள."

வேறு மாடு வாங்கித் தருவதாக வாப்பா சொன்னார்.

"அவரு நேந்தது இந்த மாட்டத்தானே மச்சான்," என்றார் சாச்சி.

மறுவாரமே மிருக வைத்தியரிடம் போய், வைக்கோலைச் சத்தாக்கும் வழியைக் கேட்டு வந்தார். சொறிக்கல்முனைப் பக்கமிருந்து வந்த வைக்கோலை முற்றத்தில் வெட்டிய கிடங்கில் பரப்பி, வயலுக்குப் போடும் யூரியாவை அளந்து தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் தெளித்தார். பிள்ளைகள் நாங்கள் ஏறி மிதித்தோம். காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடிக் கல் வைத்தார்.

"மாட்டுக்கு உரம் போட்டா கொம்பில கதிர் வருமா?" என்று கேட்டார் வாப்பா. அவருக்கு எதையும் பொறுத்திருந்து பார்க்கத் தெரியாது. ஒரு வாரம் போகுமுன்னே, உள்ளே என்னதான் நடக்கிறதென்று பொலித்தீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நெடி ஏறிக் கண்ணும் மூக்கும் ஒழுக ஓடிவந்தார். அடைபட்டிருந்த வாயு போய்விட்டது. அவ்வளவு வேலையும் வீண். சாச்சி ஏசவில்லை. "இனித் தொட்டா கைய முறிப்பன் மச்சான்," என்று மட்டும் சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

அடுத்த முறை திறந்தபோது வைக்கோல் நிறம் மாறி மெத்தென்று இருந்தது. நெடி போகும்வரை காற்றாட விரித்துப் போட்டார். மாடு முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாப்பாவுக்குப் பரம சந்தோஷம். சாச்சி விடவில்லை. பழைய வைக்கோலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தவிடு தூவி, மாட்டின் வாயருகே கையில் ஏந்திக்கொண்டு நின்றார். மாட்டைக் கண்டு ஒதுங்கிய சாச்சியா இவர் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அது ஒருமுறை தின்னத் தொடங்கியபின் ஒரு துரும்பும் மிஞ்சவில்லை. மாதங்கள் போகப் போக விலா எலும்புகள் மறைந்தன, திமில் நிமிர்ந்தது. அப்படியொரு பிடிவாதத்தை நான் இன்றுவரை வேறு யாரிடமும் கண்டதில்லை.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த லெப்பை மாட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"மாஷா அல்லாஹ்! இது அந்த மாடா புள்ள?"

"ஓம், நாங்க வளர்த்த மாடு," என்று வாப்பா முந்திக்கொண்டார்.

நேர்ச்சை இறைச்சியை நேர்ந்த வீட்டார் தின்னக் கூடாது என்பதால் சாச்சி முழுவதையும் ஏழை வீடுகளுக்குப் பங்கிட்டார். வைக்கோல் மிதித்த எங்களுக்கு ஒரு துண்டுகூட இல்லையே என்று எனக்குக் கோபம்.

மறுநாள் விடிந்ததும் சாச்சி உம்மாவிடம் ஒரு வெள்ளைச் சாரி கேட்டார். உம்மா எடுத்துக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதார். சாச்சி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புருஷன் மவுத்தான பெண்கள் துக்கம் காத்து அடைந்திருக்கும் இத்தாவுக்குச் சாச்சி இருந்துவிட்டார் என்று அயல் பெண்கள் கதைத்தார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் மவுத்தாகவில்லை. ஒரு மாடுதான் அறுபட்டிருந்தது.

"மாட்டுக்காகவா உம்மா சாச்சி இத்தா இருக்கா?" என்று கேட்டேன்.

வழமையாக இப்படிக் கேட்டால் தலையில் குட்டு விழும். அன்று உம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஓம் மகள்," என்றார்.